ஒரே ஆறு, மூன்று தண்ணீர்

கேள்வி கேட்டவர் எழுதியிருந்தது சுருக்கமாக இதுதான்: நொய்யல் கரையோரம் அவர்களுக்குத் தோட்டம். கிணற்றுத் தண்ணீரில் டி.டி.எஸ். மீட்டரை (கரைந்திருக்கும் மொத்த உப்பைக் காட்டும் கருவி) விட்டுப் பார்த்தால் லிட்டருக்கு 2,400 மில்லிகிராம் காட்டுகிறது. அப்பா அதை ஏற்கவே மாட்டேன் என்கிறார், "இதைக் குடிச்சுத்தானே நீ வளர்ந்தே" என்கிறார். பக்கத்துத் தோட்டத்து மாமாவோ சாயத் தண்ணி இறங்கி எல்லாம் விஷமாகிவிட்டது என்கிறார். அம்மா ஆடி அமாவாசைக்குப் பேரூர் போய் அதே ஆற்றுத் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டு வருகிறார். கருவி காட்டுவது ஒரே எண்தானே, அது ஏன் இவர்களுக்கு உறைக்கவில்லை, படிப்பறிவு இல்லாததுதான் காரணமா என்று கேட்கிறார்.

இதில் தண்ணீரைப் பற்றிய கேள்வி கொஞ்சம்தான். தன்னைச் சுற்றியுள்ள காற்றையும் நீரையும் பற்றி ஒருவர் எடுக்கும் முடிவை எது தீர்மானிக்கிறது, கண்ணும் நாக்கும் கருவியுமா, அல்லது அவர் ஏற்கெனவே மனதில் வைத்திருக்கும் மதிப்புகளும் நம்பிக்கைகளுமா என்பதுதான் உண்மையில் கேட்கப்பட்டிருக்கிறது. கொங்குப் பகுதியில் தண்ணீர்ப் பரிசோதனை ஆய்வகத்தில் 22 வருடம் வேலை பார்த்தவன் நான். வேதியியல் என் தொழில். மனவியல் படித்ததெல்லாம் ஆர்வத்தில் தேடிப் படித்ததுதான். அந்தப் பகுதியில் நான் சொல்வதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் படிப்பறிவு விஷயம். இல்லை, அது காரணமில்லை. 2012-இல் டான் கஹான் என்ற அமெரிக்கச் சட்டப் பேராசிரியரும் அவர் கூட்டாளிகளும் சுமார் 1,500 அமெரிக்கர்களிடம் அறிவியல் அறிவையும் கணக்குத் திறனையும் அளந்து, கூடவே பருவநிலை மாற்றம் எவ்வளவு ஆபத்து என்றும் கேட்டார்கள். படிக்கப் படிக்க எல்லோரும் ஒரே முடிவுக்கு வருவார்கள் என்றுதான் நாம் நினைப்போம். நடந்தது நேர்மாறு. அறிவியல் அதிகம் தெரிந்தவர்களிடையேதான், எதிரெதிர் உலகப் பார்வை கொண்ட இரு தரப்புக்கும் இடைவெளி அதிகமாக இருந்தது. தெரிந்த அறிவை, தன் கூட்டத்தார் ஏற்கெனவே நம்புவதற்கு முட்டுக்கொடுக்கப் பயன்படுத்துகிறோம் என்பது அவர்கள் தந்த விளக்கம். அப்பாவுக்குப் பி.எஸ்ஸி. பட்டம் இருந்திருந்தால் உங்களோடு இன்னும் திறமையாக வாதாடியிருப்பார், அவ்வளவுதான்.

அதே வருடம் வந்த இன்னொரு அமெரிக்க ஆய்வு உங்கள் வீட்டுப் பிரச்சினைக்கு இன்னும் நெருக்கமானது. உங்கள் ஊரில் சமீப வருடங்களில் வெயில் கூடியிருக்கிறதா, வெள்ளம் கூடியிருக்கிறதா, வறட்சி கூடியிருக்கிறதா என்று மக்களிடம் கேட்டு, அந்தந்த ஊரின் வானிலைப் பதிவோடு ஒப்பிட்டார்கள். வெள்ளத்தையும் வறட்சியையும் பற்றிய விடைகள் பதிவோடு ஓரளவு ஒத்துப்போயின. வெயிலைப் பற்றிய விடைகள் அப்படி ஒத்துப்போகவில்லை. அவை அவரவர் அரசியல் சார்பையும் உலகப் பார்வையையும் ஒட்டி நின்றன. யோசித்தால் புரிகிறது. வெள்ளம் வீட்டுக்குள் வந்தால் வந்ததுதான், அதில் கட்சி பேச முடியாது. பத்து வருடத்தில் அரை டிகிரி ஏறியதை எந்தத் தோலும் உணராது. அறிகுறி மங்கலாக இருக்கும் இடத்தில்தான் நம்பிக்கை வந்து பாய் விரித்து உட்கார்ந்துகொள்கிறது. என் அனுபவத்தில் தண்ணீருக்கும் இதே கதைதான்.

நொய்யலையே எடுத்துக்கொள்வோம். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக வந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிற ஆறு. 1990-களிலும் 2000-களிலும் திருப்பூரைத் தாண்டிய ஆற்றைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இந்த சீசனுக்கு ஐரோப்பாவில் என்ன கலர் ஓடுகிறது என்பதை ஆற்றைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று ஊரில் கிண்டல் பேசுவார்கள். பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக் கழிவு தேங்கி, தண்ணீரைத் தேக்கவே வேண்டாம் என்று விவசாயிகளே போராடும் நிலைமை வந்தது. அப்போது ஆறு கெட்டதா இல்லையா என்று யாரும் வாதாடிப் பார்த்ததில்லை. யார் கெடுத்தது, யார் காசு கொடுப்பது என்பதில்தான் சண்டை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி 700-க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகள் மூடப்பட்டன. பிறகு கழிவை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்துவது என்ற ஏற்பாட்டோடு திறந்தார்கள். ஆற்றில் நிறம் வெகுவாகக் குறைந்தது. ஆனால் பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்ற மூட்டை மூட்டையாகக் கொட்டிய உப்பு, மண்ணிலும் நிலத்தடி நீரிலும் இறங்கிவிட்டதே, அதற்கு நிறம் கிடையாது. உங்கள் வீட்டுச் சண்டை தொடங்குவது அங்கேதான். சிவப்பாகத் தண்ணீர் ஓடியிருந்தால் அப்பாவும் மாமாவும் ஒரே கட்சியாக இருந்திருப்பார்கள்.

அந்தக் காலத்திலும் எல்லோரும் ஒன்றையே பார்த்தார்கள் என்று சொல்ல மாட்டேன். திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிறவர்களில் பலர் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். ஒரு வீட்டில் அண்ணன் தோட்டத்தில், தம்பி பட்டறையில் என்பது சாதாரணம். மாதிரி எடுக்கப் போன ஒரு வீட்டில் அண்ணன் வாய்க்கால் கரையில் வெள்ளையாகப் பூத்திருந்த உப்பைக் கையால் வழித்துக் காட்டினார். தம்பி பக்கத்திலேயே நின்றுகொண்டு, "இந்தப் பக்கம் பாறைங்க, எங்க தாத்தன் காலத்துலயே உப்புத் தண்ணிதானுங்க" என்றார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு அன்று பெரிய பாடம். கொங்குப் பகுதியின் பாறை நிலத்தில் சில இடங்களில் தண்ணீர் இயல்பாகவே கொஞ்சம் உப்புத்தான். தம்பி தாத்தாவிடமிருந்து ஒரு உண்மையை எடுத்துக்கொண்டு, தன் பிழைப்புக்கு இடைஞ்சலான இன்னொன்றைப் பார்க்காமல் விட்டுவிட்டார். அண்ணன் செய்ததும் அதேதான், எதிர்ப்பக்கமாக.

இப்போது உங்கள் அப்பா. அவர் சொல்வதைச் சற்றுத் திருப்பிக் கேட்டுப் பாருங்கள். "இதைக் குடிச்சுத்தானே நீ வளர்ந்தே" என்பது தண்ணீரைப் பற்றிய வாக்கியமே இல்லை. உன்னை நான் சரியாக வளர்த்தேன் என்கிறார். அந்தக் கிணறு ஒருவேளை அவருடைய அப்பா வெட்டியது. அதில் கோளாறு என்று ஒரு எண் சொன்னால், அந்த எண் அவர் குடும்பத்தையே குறை சொல்வதாகக் கேட்கிறது. இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்தில் காற்று மாசு பற்றி மக்களிடம் பேசிப் பார்த்தபோதும் இப்படித்தான், நகரம் முழுக்க மோசம் என்று ஒப்புக்கொண்டவர்கள் தங்கள் தெருவை மட்டும் விலக்கிக்கொண்டார்கள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று நாம் எப்போதோ சொல்லிவைத்துவிட்டோம். கோவைக்காரர்களிடம் சிறுவாணியைப் பற்றிக் கேளுங்கள், உலகத்திலேயே இரண்டாவது சுவையான தண்ணீர் என்பார்கள். முதலாவது எது, போட்டி நடத்தியது யார் என்று கேட்டால் பேச்சு மாறிவிடும். நானும் கோவைக்காரன்தான், நானும் சொல்லியிருக்கிறேன்.

அப்பாவின் நாக்கை முழுதாகத் தள்ளிவிடவும் வேண்டாம். சென்னிமலைப் பக்கம் ஒரு அம்மிணி, எழுபது வயதுக்கு மேல் இருக்கும். என் பெட்டியில் தண்ணீர் மாதிரி நிரப்பி வைத்திருந்த ஆறு பாட்டிலையும் வாங்கி, ஒவ்வொன்றிலிருந்தும் உள்ளங்கையில் ஒரு வாய் ஊற்றி நக்கித் துப்பிவிட்டு, உப்புக் குறைந்ததிலிருந்து கூடியது வரை வரிசையாகத் திண்ணையில் அடுக்கிவைத்தார். ஆய்வகத்தில் பார்த்தபோது ஒன்றுகூட இடம் மாறவில்லை. "இதுல பருப்பு வேகாது, இதுல சோப்பு நுரைக்காது" என்று அவர் தள்ளிவைத்தவை கடினத்தன்மை கூடியவைதான். ஆனால் "இதுதான் கண்ணு நல்ல தண்ணி" என்று அவர் முதலில் வைத்த பாட்டிலில் நைட்ரேட், வரம்பைப் போல இருமடங்குக்கு மேல் இருந்தது. நைட்ரேட்டை நாக்கு பிடிக்காது. ஃபுளூரைடையும் பிடிக்காது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் தலைமுறைகளாகப் பல்லில் காவி ஏறியும் எலும்பு வளைந்தும் போனதற்குக் காரணம் குடிக்க நன்றாகவே இருந்த தண்ணீர். அதற்காகத்தான் ஒகேனக்கல்லிலிருந்து காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுபோனார்கள்.

நம்பிக்கை என்றதும் பாமரர் நம்பிக்கை என்றே எடுத்துக்கொள்ளாதீர்கள். வங்கதேசத்தில் குளத்துத் தண்ணீர் நோய் தரும், குழாய்க் கிணற்றுத் தண்ணீர்தான் சுத்தம் என்று பல ஆண்டுகள் பாடம் நடத்தியவர்கள் படித்தவர்கள், நிபுணர்கள். கிருமிகளைப் பொறுத்தவரை அது சரியான பாடம். ஆனால் அந்தத் தண்ணீரில் ஆர்சனிக் என்ற நஞ்சு இருப்பது 1993-இல்தான் தெரியவந்தது. பிறகு லட்சக்கணக்கான கிணறுகளைச் சோதித்து, ஆபத்தானதற்குச் சிவப்பும் மற்றதற்குப் பச்சையும் அடித்தார்கள். கண்ணாடி போலத் தெளிந்திருந்த தண்ணீர், சுத்தம் என்று தாங்களே சொல்லிக்கொடுத்த தண்ணீர், அதை இனிக் குடிக்காதே என்று அதே ஜனங்களிடம் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். ஒரு சின்னத் திருத்தம்: பேரூர் கோவை நகரத்துக்கு மேற்கே இருக்கிறது. நகரத்துச் சாக்கடையும் திருப்பூர்ப் பட்டறைகளும் அதற்குக் கீழேதான் வருகின்றன. பெயர் ஒன்றானாலும் அம்மா தெளித்துக்கொண்டதும் மாமா திட்டுவதும் ஒரே தண்ணீர் இல்லை. அது கிடக்கட்டும். பேரூரைப் பற்றி ஐந்து அதிசயம் சொல்வார்கள்: இறவாத பனை, பிறவாத புளி, புழுக்காத சாணம், ஆற்றில் போட்ட எலும்பு கல்லாவது, இறக்கிறவர்களின் வலது காது மேல்நோக்கி இருப்பது. எலும்பையே கல்லாக்கும் ஆறு என்று நம்புகிறவரிடம் மில்லிகிராம் கணக்கைக் கொண்டுபோய் நீட்டினால் அது வேறு பாஷை. சுத்தம் என்று ஒன்று, தூய்மை என்று ஒன்று, இரண்டையும் அவர் தனித்தனியாக வைத்திருக்கிறார். காசியில் பல வருடம் களப்பணி செய்த கெல்லி ஆலி என்ற மானிடவியலாளர் கண்டதும் இதுதான். கங்கையில் அழுக்கு இருக்கிறது என்று படித்துறையில் இருப்பவர்களே சொல்கிறார்கள். ஆனால் அதனால் கங்கையின் புனிதம் குறைந்தது என்றால் ஒப்புவதில்லை. பிள்ளை அசிங்கம் செய்தால் துடைத்துவிடும் தாய் அவள், அவ்வளவுதான்.

அப்படியானால் பக்தி கண்ணை மறைக்கிறதா? சில நேரம் மறைக்கிறது, சில நேரம் திறந்தும் விடுகிறது. காசி சங்கட் மோசன் கோவிலின் மகந்தாக, அதாவது தலைமைக் குருவாக, இருந்த வீரபத்ர மிஸ்ரா, பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் நீரியல் கற்பித்த பொறியியல் பேராசிரியரும்கூட. தினமும் கங்கையில் முழுக்குப் போடுவார். அதே தண்ணீரில் மலக்கிருமி எவ்வளவு என்று அளக்க ஆய்வகமும் நடத்தினார். 1982-இல் அதற்கென்று ஓர் அறக்கட்டளை தொடங்கி, 2013-இல் சாகும்வரை அரசாங்கத்தோடு மல்லுக்கு நின்றார். கங்கை புனிதம் என்பதாலேயே அதில் சாக்கடை விழுவதை அவரால் பொறுக்க முடியவில்லை. ஆகவே அம்மாவிடம் நீங்கள் ஆற்றின் புனிதத்தைப் பற்றி வாதாடினால் தோற்பீர்கள். அங்கே கழிவு கலப்பது பாவமா இல்லையா என்று கேட்டுப் பாருங்கள், உங்களைவிடக் காட்டமாகப் பேசுவார்.

மாமாவுக்கும் ஒரு நம்பிக்கை உண்டு, அதை யாரும் நம்பிக்கை என்று சொல்வதில்லை. கெட்டது எல்லாம் வெளியிலிருந்து, பெரிய ஆட்களால்தான் வருகிறது என்பது அது. திருப்பூரைப் பொறுத்தவரை அதற்கு நிறைய ஆதாரம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எல்லாவற்றையும் சாயத்தின் தலையில் கட்டுவதில் ஒரு சிக்கல். சாயக் கழிவின் அடையாளம் முக்கியமாகச் சோடியமும் குளோரைடும் சல்ஃபேட்டும். நைட்ரேட் கூடியிருந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது யூரியா மூட்டையை, செப்டிக் டேங்கை, மாடு கட்டும் கட்டுத்தரையை. மாமாவைப் போலவே பேசிய ஒருவரின் தோட்டத்தில் கிணற்று மேட்டை ஒட்டி எருக்குழி இருந்தது. மழை பெய்தால் அந்தக் கருஞ்சாறு எங்கே போகும் என்று கேட்டேன். "சாணி எப்படிங்க அழுக்காகும்?" என்றார். வாசல் தெளிக்கிற பொருளாயிற்றே! அழுக்கு என்பது இடம் தப்பிய பொருள் என்று மேரி டக்ளஸ் என்ற மானிடவியலாளர் 1966-இல் எழுதியது மிகவும் பிரபலம். எருக்குழி அவர் மனதில் சரியான இடத்தில் இருந்தது, கிணற்றுக்கு எட்டடியில் இருந்தாலும்.

கடைசியாக, கோபிக்காதீர்கள், நீங்கள். உங்கள் கையிலுள்ள பேனா மாதிரி மீட்டர் தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை அளந்து, ஒரு எண்ணால் பெருக்கி, மொத்த உப்பு இவ்வளவு இருக்கலாம் என்று காட்டுகிறது. எந்த உப்பு என்று அதற்குத் தெரியாது. கிருமி தெரியாது. 2,400 என்பது குடிநீருக்கான இந்தியத் தரநிலை (ஐ.எஸ். 10500) சொல்லும் 500-ஐத் தாண்டியது, வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் அனுமதிக்கும் 2,000-ஐயும் தாண்டியது. அதனால் குடிக்கத் தேர்ந்தெடுக்கும் தண்ணீர் அது அல்ல. ஆனால் உலக சுகாதார நிறுவனம் மொத்த உப்புக்கு உடல்நல வரம்பு என்று எதுவும் வைக்கவில்லை, சுவையைத்தான் பேசுகிறது. அதாவது "விஷம்" என்ற சொல்லை உங்கள் மீட்டர் சொல்லவில்லை. ஆர்.ஓ. என்ற தண்ணீர் சுத்திகரிப்புக் கருவி விற்க வருபவர் இரண்டு டம்ளரில் கம்பிகளை விட்டுக் கரண்ட் கொடுப்பாரே, வீட்டுத் தண்ணீர் பழுப்பாகக் கலங்கும், அவர் தண்ணீர் அப்படியே நிற்கும். அந்தப் பழுப்பில் பெரும்பகுதி அவருடைய இரும்புக் கம்பி கரைந்து வந்தது. உப்புள்ள தண்ணீரில் மின்சாரம் பாயும், உப்பில்லாததில் பாயாது, வித்தை அவ்வளவுதான். படித்தவர்கள் வீட்டில்தான் அது நன்றாக எடுபடுகிறது, ஏனென்றால் கருவி காட்டினால் உண்மை என்பது நமக்குள் ஓடுகிற நம்பிக்கை.

இதில் எது உறுதி என்று கேட்டால்: மக்கள் கணிப்பும் அளவீடும் ஒன்றாகவே போகும் என்று எதிர்பார்க்கக் கூடாது, இது பல நாடுகளில் திரும்பத் திரும்பப் பார்த்தது. நிறம், நாற்றம், சுவை இருந்தால் கணிப்பு உண்மையை நெருங்கும், இல்லாவிட்டால் விலகும், இதையும் தைரியமாகச் சொல்வேன். சந்தேகத்துக்கு இடமுள்ளது, மதிப்புகள் பார்வையை வளைக்கின்றனவா, பட்ட அனுபவமே மதிப்புகளை வளைக்கிறதா என்பது. ஆற்றால் தோட்டத்தை இழந்தவர் அதனாலேயே கம்பெனிகளை வெறுப்பவராக ஆகியிருக்கலாம். ஒரு நாள் கேட்டு வாங்கும் கருத்துக்கணிப்பு இரண்டையும் பிரித்துக் காட்டாது. நான் மேலே சொன்ன ஆய்வுகள் பெரும்பாலும் அமெரிக்கா, இங்கிலாந்தைச் சேர்ந்தவை. அங்கே கட்சியும் சித்தாந்தமும் செய்யும் வேலையை இங்கே குடும்பம், பிழைப்பு, சாமி ஆகியவை செய்கின்றன என்பது என் அனுபவக் கணிப்பு. நிரூபித்த முடிவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? எண்ணைக் காட்டி ஜெயிக்கப் பார்க்காதீர்கள். மாதிரியை அப்பாவையே எடுக்கச் சொல்லுங்கள். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலை மூன்று முறை அலசி, கழுத்துவரை நிரப்பி, எந்தக் கிணறு, என்ன தேதி என்று அவர் கையாலேயே எழுதட்டும். கிருமிச் சோதனைக்கான பாட்டிலை ஆய்வகத்தில் தனியாகத் தருவார்கள், அதை அலசக் கூடாது, ஐஸ் போட்டு அன்றைக்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். மாமாவின் கிணற்றிலும் ஒன்று எடுங்கள். ஒரு கிணறு மட்டும் என்றால் அது நம் கிணற்றின் மேல் பழி, இரண்டு என்றால் அது ஊர் விஷயம். டி.டி.எஸ். மட்டும் போதாது, கடினத்தன்மை, குளோரைடு, சல்ஃபேட், நைட்ரேட், ஃபுளூரைடு, ஈ.கோலி (மலக்கிருமி) என்று எழுதிக் கேளுங்கள். முடிவு வந்ததும் நீங்கள் விளக்காமல், ஆய்வகத்தில் இருப்பவரை அப்பாவிடம் நேரடியாகப் பேசச் சொல்லுங்கள். பெற்ற பிள்ளை சொன்னால் குற்றமாகக் கேட்பது, வெளியாள் சொன்னால் தகவலாகக் கேட்கும், பல முறை பார்த்திருக்கிறேன். அப்புறம், வீட்டில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தை இருந்தால் மட்டும் இதற்கெல்லாம் காத்திருக்காதீர்கள். நைட்ரேட் முடிவு வரும்வரை பால்பவுடர் கரைக்க வேறு தண்ணீர் எடுங்கள். காய்ச்சினால் நைட்ரேட் போகாது, தண்ணீர் வற்றி இன்னும் கூடத்தான் செய்யும்.